மழை பெஞ்சிருக்கணும்!



ஆங்கிலத்தில் எனக்குப் பயமான பாடம் 'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' தான். தமிழில் இரண்டுக்குமே 'இருக்க வேண்டும்' என்றுதானே வருகிறது, அப்புறம் எதுக்கு ரெண்டு என்று குழம்பிப் போனேன். பரீட்சையில் மாற்றி எழுதி மார்க்கும் போச்சு.

டீச்சர் நம்ம ஊர்க் கோட்டையை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது நாம் பார்ப்பது 1974-ல் கட்டியது. பழைய கோட்டையை நாம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் 1799 செப்டம்பர் 5-ல் பானர்மன் படை தாக்கியபோது அதைப் பிடிக்க முடியவில்லை. அதனால் 'சுவர் பலமாக இருந்திருக்க வேண்டும்' என்கிறோம். அடையாளத்தை வைத்து ஊகிப்பதால் இது 'மஸ்ட் ஹேவ்'. அதே வருஷம் அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 'அவரை விட்டிருக்க வேண்டும்' என்கிறோம். ஆனா விடலையே! நடக்காததை நினைத்து வருத்தப்பட்டால் அது 'ஷுட் ஹேவ்'.

அப்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. காலையில் கரிசல் மண் செருப்பில் அப்பினால், "ராத்திரி மழை பெஞ்சிருக்கணும்" என்பார். அது மஸ்ட். கார்த்திகையில் உளுந்து வாடும்போது வரப்பில் நின்று "மழை பெஞ்சிருக்கணும்" என்பார். அது ஷுட். வார்த்தை ஒண்ணுதான், குரல்தான் வேற.

அப்படி மழை ஏமாற்றிய ஒரு வருஷம்தான் என் அக்கா பத்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறினாள். நல்ல மார்க் எடுத்தவள். "ஏளா, நீ மேல படிச்சிருக்கலாம்" என்று அம்மா அடிக்கடி சொல்லும். இது 'குட் ஹேவ்'. முடிந்திருக்கும், ஆனால் நடக்கவில்லை.

ராத்திரி அக்காவிடம் இந்தப் பாடத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஹேவை எடுத்துட்டா என்ன வரும்?" என்று கேட்டாள்.

"படிக்கலாம்னு வரும்க்கா" என்றேன்.

மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். தனித்தேர்வராக எழுத வழி கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இப்போது அக்கா வேலை முடிந்து வந்து என் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டுகிறாள்.

தோழர் தோழிகளே! கட்டபொம்மனின் 'ஹேவை' நம்மால் எடுக்க முடியாது. நம்ம வீட்டில் இருப்பதை எடுக்க முடியுமா என்று பார்ப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி