அட்வான்ஸ் பணமும் ஒரு போன் காலும்

நான் செய்ததை நாட்டுப்பற்று என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காமல் இருக்கச் செய்த வேலை அது.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. கல் குவாரியும் கிரஷரும் வந்த பிறகு மாட்டுக்கொட்டகையை இடித்து லைன் வீடு கட்டினேன். ஓர் அறையில் மேற்கு வங்கத்து மால்டா மாவட்டப் பையன்கள். 2025 ஜூனில் வேலை குறைந்ததும் காலி செய்வதாகச் சொல்லி அட்வான்ஸைக் கேட்டார்கள். நான் அதை எப்போதோ செலவழித்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். அவர்களில் பெரியவன் டீக்கடையில் பலர் முன்னால் கேட்டுவிட்டான்.

சந்தேகத்துக்குரிய வங்கதேசத்தவர், ரோஹிங்கியாக்களின் ஆவணங்களை 30 நாளில் சரிபார்க்கும்படி ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லியிருந்த சமயம். டிவியில் அதே பேச்சு. போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டேன்: "பங்களாதேஷ்காரங்க போல இருக்குங்க சார், விசாரிங்க." அவர்களுடைய ஆதார் நகல்கள் அப்போது என் பீரோவில்தான் இருந்தன.

இரவே ஜீப் வந்தது. அட்டைகளைச் சரிபார்த்து, மால்டாவுக்குப் பேசி, மறுநாள் சாயங்காலம் விட்டார்கள். வந்ததும் மூட்டையைக் கட்டினார்கள். அட்வான்ஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

சட்டம் எனக்கு எவ்வளவு வசதி என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது அமலில் இருந்த 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டப்படி, தான் அந்நியன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பிடிபட்டவன் தலையில். 2025 செப்டம்பர் 1இல் அமலுக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. போன் போட்டவனிடம் ஆதாரம் கேட்பார் யாருமில்லை.

அதே ஜூனில், டெல்லியில் பிடிபட்ட, மேற்கு வங்கத்து பிர்பூம் மாவட்டக் கர்ப்பிணி ஒருவர் வங்கதேசத்துக்குள் தள்ளப்பட்டார். அழைத்து வரும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டும், விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், டிசம்பரில்தான் அவர் ஊர் திரும்பினார். என் போன் கால் எதுவரை போயிருக்கும் என்று அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் உறைத்தது. பையன்களுக்குப் பணத்தை அப்புறம் ஜிபேயில் அனுப்பினேன். நிலையத்தில் அவர்கள் கிடந்த இரவை அதனால் ஈடுகட்ட முடியாது.

திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர்களைப் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போலி ஆதாரோடு திருப்பூரில் பிடிபட்டவர்களும் உண்டு. ஆனால் யார் மேல் சந்தேகம் வர வேண்டும் என்பதை என்னைப் போன்ற வீட்டுக்காரன் முடிவு செய்தால், அது சட்டம் இல்லை, கணக்குத் தீர்ப்பது.

எங்கள் ஊர்ப் பக்கம் குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் பெருமை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்கான, பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921ஆம் ஆண்டு விதி. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயர்தான் குடத்துக்குள் போகும். வாடகைக்கு இருப்பவனுக்கு அன்றைக்கும் இடமில்லை. ஆனால் பிறர் பொருளை அபகரித்தவனையும் அதே விதி தள்ளிவைக்கிறது. அந்தக் கணக்கில், மனையும் நிலமும் இருந்தும், எனக்கும் ஓலை கிடையாது.

வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆள் குடிவரும் அன்றே ஆதார் நகலை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் அன்று போன் போடாதீர்கள்.