யோங் பெங் சந்தியில் கற்ற பாடம்

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போகும் பழைய சாலையில், மூவாருக்கு வழி பிரியும் ஊர் யோங் பெங். மீன் உருண்டைக்குப் பேர்போன ஊர். எனக்கோ பாடம் படித்த இடம். பிள்ளைகளோடு அந்தச் சந்தியைக் கடக்க எண்ணெய் மிதியை அழுத்தினேன். எங்கள் ஆமைக் கார், அந்தப் பழைய வோக்ஸ்வேகன், ஒரு கணம் திணறியது. செம்பனைக் குலை லோரி உரசாமல் போனது தெய்வச் செயல்.

குற்றம் என்னுடையது. விலை குறைவென்று 009 டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டியிருந்தேன். அது எஞ்சின் சுழலும் வேகத்தை மட்டும் பார்த்தே தீப்பொறியை முன்கூட்டி விடும். மிதியைத் திடீரென அழுத்தியதை அறியாது. எங்கள் 34 பிக்ட்-3 கார்புரேட்டருக்கு, வேகத்தோடு வாக்குவம் குழாயின் இழுப்பையும் உணரும் வகையே பொருத்தம்.

வாங்குமுன் கார்புரேட்டரில் பொறித்த எண்ணைப் படியுங்கள். நாலு வெள்ளி மிச்சம் பெரிதா, பின்னிருக்கைப் பிள்ளைகள் பெரிதா?