பெருநாளும் மாத்திரை நேரமும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளை வந்து சேர்வார். உம்மாவும் வாப்பாவும் கடைசியில் ஒரு மகளோடு ஒதுங்கிக்கொள்வார்கள். அதனால் முதுமையும் நோயும் கடைசி மூச்சும் அந்த மகளின் வீட்டைத் தேடி வருகின்றன. என் மூத்தம்மா எங்கள் சாச்சியின் வீட்டு முன் அறையில் படுத்திருந்தது அப்படித்தான்.

வயிற்றில் புற்றுநோய். மட்டக்களப்பில் சிகிச்சை நடந்தது. 2024ஆம் ஆண்டு நோன்பு தொடங்கும் முன்னரே, இனி மருந்து ஏற்றுவதால் பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வார்த்தையை நம்மூரில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொள்கிறார்கள்: டொக்டரின் வேலை முடிந்தது, இனி யாசீன் ஓதுவதுதான். ஓதுவது இருக்கட்டும். டொக்டரின் வேலை அங்கே முடிவதில்லை என்பதை அந்த ஒரு மாதத்தில் கண்ணால் கண்டேன்.

இதற்கென்றே உலகில் ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. லண்டனில் தாதியாக வேலை தொடங்கி, பிறகு டொக்டருக்குப் படித்த சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண், 1967இல் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். குணமாக்க முடியாதவரையும் வலியில்லாமல் வாழவைக்க முடியும் என்பது அவர் பிடித்த பிடி. நம் நாட்டில் மஹரகமயில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இருக்கிறது. ஆனால் கல்முனையிலிருந்து அது ஓர் இரவு பஸ் பயணம். மூத்தம்மா அந்தப் பயணத்துக்கு ஆளில்லை. ஆகவே சாச்சியின் முன் அறைதான் எங்களுக்கு ஹொஸ்பிஸ். அதை நடத்தியவர்கள் சாச்சியும், எங்கள் குடும்ப டொக்டரும்.

டொக்டர் இந்துக் குடும்பத்தவர். பகலில் அரச வைத்தியசாலையிலும், மாலையில் வீட்டோடு சேர்ந்த டிஸ்பென்சரியிலும் இருப்பார். எங்கள் உம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலம் முதல் குடும்பத்துக்குப் பழக்கம். மூத்தம்மாவை 'உம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

முதல் சிக்கல் நோன்பில் வந்தது. வலிக்கு மோர்பின் மாத்திரை. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, வலி வந்தாலும் வராவிட்டாலும், மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி ஏறிய பிறகு கொடுத்தால் அதை இறக்குவது கஷ்டம். மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் அதற்கும் சேர்த்து ஒரு மருந்து. இவ்வளவும் எங்களுக்கு விளங்கியது. மூத்தம்மாவுக்கு மட்டும் நோன்பு பிடிக்க வேண்டும். கொடுத்த மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, சாச்சி அந்தப் பக்கம் போனதும் எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சில் ஏழு மாத்திரை இருந்தது.

டொக்டர் கோபிக்கவில்லை. "இது நான் சொல்லிக் கேக்கிற விசயம் இல்ல. மௌலவியைக் கூட்டிட்டு வாங்க, நானும் வாறன்" என்றார். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு இருவரும் கட்டிலுக்கு அருகில் இருந்தார்கள். டொக்டர் நோயைச் சொன்னார். மௌலவி சட்டத்தைச் சொன்னார்: குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவாகப் பித்யா கொடுத்தால் போதும். மூத்தம்மா கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையணைக்குக் கீழிருந்து சுருட்டிய காசை எடுத்து, "அப்ப முழு மாசத்துக்கும் இப்பவே குடுத்திருங்க. பொறகு நான் இரிக்கேனோ என்னமோ" என்றார். அன்றிலிருந்து மாத்திரையை விழுங்கினார்.

மோர்பின் என்றதும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பயம். "அது குடுத்தா ஆள் கெதியா மௌத்தாப் போயிருமாம்." இந்தப் பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. வலிக்கு ஏற்ற அளவில், டொக்டரின் கண்காணிப்பில் கொடுத்தால் அது உயிரைக் குறுக்குவதில்லை. முதல் சில நாள் தூக்கம் வரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வலி அடங்கியதும் மூத்தம்மா நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைவு என்று குறை சொல்லத் தொடங்கினார். வலியைப் பொறுப்பதுதான் சபூர் என்று சொல்கிறவர்கள் இரவு ரெண்டு மணிக்கு அந்த முனகலைக் கேட்டிருக்க வேண்டும்.

ரெண்டாவது சிக்கலை டொக்டர் எங்களுக்கு முன்பே கண்டுவிட்டார். அந்த வருஷம் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் விழுந்தன. பாமசி பூட்டு, கிளினிக் இல்லை, வெளியூர் டொக்டர்மார் லீவில். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதே கிளினிக் கொப்பியை வாங்கிக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை, பத்து நாளைக்கு அறுபது, இடையில் வலி குத்தினால் கொடுக்க இன்னும் கொஞ்சம். மோர்பினைக் கடையில் நினைத்தபடி வாங்க முடியாது. கிளினிக் நாளுக்கு முன்னரே கொடுக்கும்படி கடிதம் எழுதித் தந்தார், வாப்பா போய் எடுத்து வந்தார்.

பிறகு ஒரு தாள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. விழுங்க முடியாமல் போனால் உடனே யாருக்குக் கோல் எடுப்பது. தொண்டையில் 'கர கர' என்ற சத்தம் வந்தால் பயப்படாமல் ஒருபக்கமாகச் சரித்து விடுவது. பெருநாளன்று தான் கடமையில் இருப்பதாகவும், சித்திரைக்குத் தான் ஊருக்குப் போகும் நாட்களில் ஒரு முஸ்லிம் டொக்டர் பார்ப்பார் என்றும் சொல்லி, ரெண்டு பேருடைய நம்பரையும் எழுதச் சொன்னார். அவருக்கும் மூத்தம்மாவின் நிலைமையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். இந்த மாற்றுக் கடமையை அவர்கள் வருஷா வருஷம் செய்கிறார்களாம். நம்மூரில் ஒற்றுமை பற்றி மேடைகளில் பேசுகிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

கடைசி வரி எனக்கு அப்போது விளங்கவில்லை: "வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளை வந்த அன்றே என்னோடு பேச வையுங்கள்."

பெரிய மாமா தோஹாவிலிருந்து பிறை பார்க்கும் இரவில் வந்து இறங்கினார். பள்ளியில் தக்பீர் தொடங்கியிருந்தது, குசினியில் வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தது. மூத்தம்மா சாப்பாட்டை விட்டு ரெண்டு நாள். மாமா கட்டிலைப் பார்த்தார், சாச்சியைப் பார்த்தார். "சாப்பிடாமக் கெடக்காங்க, ஒரு சேலைனாவது ஏத்தினீங்களா? வாகனம் புடிங்க, கொழும்புக்குக் கொண்டுபோவம்" என்று சத்தம் போட்டார். சாச்சி வாய் திறக்கவில்லை. ஒரு மாதம் தூக்கமில்லாமல் பார்த்த மகள், ஒரு மணித்தியாலத்துக்கு முன் வந்த காக்காவின் முன்னால் குற்றவாளி போல நின்றார். மாமாவையும் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷமாகக் காசு அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத மகனுக்குக் கொழும்பு என்ற சொல்தான் கையில் இருந்தது.

நான் டொக்டருக்குக் கோல் எடுத்து போனை மாமாவிடம் கொடுத்தேன். இருபது நிமிஷம். ஸ்பீக்கரில் போட்டபடியால் நாங்களும் கேட்டோம். உடம்பு மெல்ல மெல்ல ஓய்வதால்தான் உம்மா சாப்பிடவில்லை, சாப்பிடாததால் ஓயவில்லை என்றார். இந்த நேரத்தில் சேலைன் ஏற்றினால் தண்ணீர் நெஞ்சில் கட்டி மூச்சு முட்டக் கூடும் என்றார். "கொழும்புக்குப் போனா வழியில என்ன நடக்கும் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. வீட்டில இருந்தா என்ன நடக்கும் எண்டு சொல்லுவன். உங்கட உம்மாவே என்னட்டக் கேட்டவ, இந்தக் கட்டில விட்டு எழுப்பாதீங்க எண்டு."

மாமா போனை வைத்துவிட்டு வெளியே போய் வேலியடியில் நின்றார். திரும்பி வந்தபோது, நாங்கள் உதடு நனைக்கும் பஞ்சையும் தண்ணீர்க் கோப்பையையும் கேட்டு வாங்கினார். பெருநாள் தொழுகைக்குப் போகும்வரை அவர்தான் நனைத்தார். காலையில் மூத்தம்மா கண் திறந்து, "எப்பகா வந்த?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.

இதையெல்லாம் ஊராகச் செய்யும் இடமும் உண்டு. கேரளத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புரம் மாவட்டத்தில், அயலவர்களே பயிற்சி எடுத்துத் தொண்டர்களாகப் படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். டொக்டரும் தாதியும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993இல் சில டொக்டர்மார் தொடங்கியது அப்படிப் பரவியது. செலவில் ஒரு பகுதி கடைகளிலும் வீடுகளிலும் சேரும் சில்லறைக் காசு. மையித்து வீட்டுக்கு ஓடோடி வரும் நம்மூர்ச் சனத்துக்கு, ஆள் உயிரோடு இருக்கும்போது ஓர் இரவு முறை வைத்து இருப்பது ஏலாத காரியமா?

மூத்தம்மா புத்தாண்டு அன்று, சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்பு மௌத்தானார். தாளில் எழுதியிருந்த அதே சத்தம் முதல் நாள் இரவே வந்தது, நாங்கள் சரித்துப் படுக்க வைத்தோம். யாரும் 1990க்குக் கோல் எடுக்கவில்லை, யாரும் கத்தவில்லை. முஸ்லிம் டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நோய் விவரக் கடிதம் கையில் இருந்தபடியால் கிராம உத்தியோகத்தரின் அறிக்கைக்கும் மரணப் பதிவுக்கும் அலைச்சல் இருக்கவில்லை. லுஹருக்குப் பிறகு அடக்கினோம். ஊருக்குப் போயிருந்த எங்கள் டொக்டர் மறுநாள் வந்து, சாச்சியிடம் முதலில் கேட்டது, "நீங்க தூங்கினீங்களா?"

மீதி இருந்த மோர்பின் மாத்திரைகளை எண்ணிக் கொப்பியில் குறித்து, வாப்பா வைத்தியசாலையில் திருப்பிக் கொடுத்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க வாங்கிய காற்று மெத்தை அந்தக் கிழமையே மருதமுனையில் ஒரு வீட்டுக்குப் போயிற்று, தாளின் ஒரு போட்டோக் கொப்பியோடு.