டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா?

முப்பது வருடமாக விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறேன். குருத்துப்பூச்சி, துத்தநாகக் குறைபாடு, விதை நேர்த்தி என்று எவ்வளவோ கேட்பார்கள். டிரெய்லர் சக்கரத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு டிராக்டருக்கு அண்ணன் மணிக்கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுவார். டிரெய்லரில் என்ஜின் இல்லை, அதனால் அதற்குச் சர்வீஸும் இல்லை. ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைப்பதோடு சரி.

ஒரு தை மாதம் ஊருக்குப் போனபோது, இடது சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருந்ததைப் பார்த்தேன். ஆயில் சீல் போனால்தான் அப்படி வழியும். அண்ணனிடம் சொன்னேன். "அறுவடை நேரத்துல ஓடுற வண்டியைப் பிரிக்கச் சொல்றியா?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவு, கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போகும் வழியில் பேரிங் உடைந்து, அந்தச் சக்கரம் ஹப்போடு கழன்று ஓடிவிட்டது. வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கால் முறிந்தது. பாரத்தின் மேல் ஆளை ஏற்றியதும் எங்கள் தவறுதான். நனைந்த நெல்லைக் காயவைத்துவிடலாம். அவரால் அந்த அறுவடை முழுக்க மூட்டை தூக்க முடியவில்லை.

அன்றிலிருந்து வைகாசியில், குறுவை வேலை தொடங்கும் முன், டிரெய்லரைப் பிரித்துவிடுகிறோம். சமதரையில் பாரமில்லாமல் நிறுத்தி, மற்ற சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அச்சுக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனமான மரக்கட்டையும் முட்டுக் கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'லொட லொட' என்கிறதா, சுற்றினால் கரகரக்கிறதா என்று பாருங்கள்.

ஹப்பைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவித் துடைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். ரோலரில் புள்ளிக்குழி, கீறல், சூட்டால் நீலம் பாய்ந்த நிறம் இருந்தால் அந்தப் பேரிங் ஆகாது. ரோலரை மட்டும் மாற்றாமல், ஹப்புக்குள் இருக்கும் கப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். நல்ல பேரிங்காக இருந்தால், உள்ளங்கையில் வீல் பேரிங் கிரீஸை வைத்து, ரோலர்களுக்கு இடையில் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி ஏற்றுங்கள். ஹப் முழுக்கத் திணிக்க வேண்டாம். சூட்டில் அது சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனிங்கில் இறங்கும்.

ஆயில் சீலும் ஸ்பிளிட் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். சக்கரத்தைச் சுற்றியபடியே நட்டை முறுக்கி, இறுக்கம் தெரிந்ததும் பின் போடும் அடுத்த வெட்டுவரை தளர்த்துங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது.

பிரேக் லைனிங் ரிவெட் தலைவரை தேய்ந்திருந்தாலோ, கிரீஸ் ஊறியிருந்தாலோ இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம்.

இன்னொன்று. பாரம் இழுத்துவந்த சூட்டோடு டிரெய்லரை வாய்க்காலில் இறக்கிக் கழுவாதீர்கள். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். பேரிங் துருப்பிடிக்க அதுவே போதும்.

வேலை முடிந்து சில கிலோமீட்டர் ஓட்டியதும் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி பிரிக்க வேண்டும். வீல் நட்டுகளையும் இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.

சீல், கிரீஸ், ஸ்பிளிட் பின் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு சக்கரத்துக்கு ஒரு மூட்டை நெல் விலைகூட ஆகாது. கால் முறிந்த அந்த நண்பர் இப்போதும் எங்கள் வீட்டுக்கு மூட்டை ஏற்ற வருகிறார். முதலில் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்க்கிறார். அவர் பார்த்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்.