இடக்காலுக்கு ஓய்வு

நுவரெலியாவுக்கு நாம் பலமுறை சென்றிருக்கிறோம். சென்ற போதெல்லாம் எமது மோரிஸ் மைனர் வண்டியிலேயே சென்றோம். 2018ஆம் ஆண்டு ஆவணி மாத விடுமுறையில் மட்டும் அவ்வழக்கம் மாறிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையுள்ள 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அந்தக் கிழவண்டி தாங்காதென்று பிள்ளைகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தமையால், பேருந்தில் ஏறிக் கண்டியை அடைந்தோம். அங்கே வசிக்கும் எமது பெறாமகன் தனது காரை மூன்று நாட்களுக்கு எம்மிடம் ஒப்படைத்தான். அது யப்பானில் செய்யப்பட்ட சிறிய கார். மக்கள் 'ஓட்டோ கியர்' என வழங்கும் தானியங்கிக் கியர் பூட்டியது.

"சித்தப்பா, இடக்காலை மடக்கி வைச்சிருங்கோ. அதுக்கு இதிலை ஒரு வேலையும் இல்லை" என்றான் அவன். நாம் அதனை ஒரு வேடிக்கைப் பேச்சாகக் கொண்டு சிரித்துவிட்டு வண்டியில் ஏறினோம்.

எமது மோரிஸ் 1959ஆம் ஆண்டினது. அதில் இடக்கால் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. கிளச்சை மிதிப்பது அதன் தலையாய கடமை. இரவில் முன்விளக்கைத் தாழ்த்தும் பொத்தானும் அருகே தரையில்தான் உண்டு. முதலாம் கியரின் பற்சில்லுகளை இசைவித்துச் சேர்க்கும் அமைப்பு அவ்வகை வண்டியில் இல்லையாதலின், ஓடும்போது அக்கியருக்கு இறங்க முயன்றால் பெட்டிக்குள் இரும்பு அரைபடும் ஓசை எழும். சந்தியில் நிற்போர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் பெற்றோல் கிடையாதபோது, குடாநாட்டின் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் மறந்திரார். எமது வண்டியும் சில துளி பெற்றோலை உண்டு விழித்தெழுந்து, பின் மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கியபடியே நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதுண்டு. இத்தகைய வண்டியோடு நெடுங்காலம் பழகிய கால், மடக்கி வைத்தால் மடங்கியிருக்குமா?

பேராதனைச் சந்தியை அணுகும்போது விடை கிடைத்தது. வேகத்தைக் குறைக்க எண்ணியதும் இடக்கால் தானே நீண்டு, கிளச் என்று கருதித் தான் கண்ட மிதியை முழுப் பலத்தோடு மிதித்தது. அங்கே இருந்தது அகன்ற பிரேக் மிதி! கார் ஆணி அறைந்தாற்போல நின்றது. பின்னிருந்த பிள்ளைகள் முன்னிருக்கையில் மோதினர். மனைவியாரின் மடியிலிருந்த பலகாரப் பெட்டி திறந்து, முறுக்குகள் காலடியில் உருண்டன. பின்னால் வந்த பேருந்தின் ஊதுகுழல் எம்மை நோக்கிச் சொன்னதை இங்கே மொழிபெயர்க்க விரும்பவில்லை.

கம்பளையைக் கடந்து ஏற்றம் தொடங்கியபின் எமது மனம் மாறத் தொடங்கிற்று. உள்ளதைச் சொன்னால், ஏற்றத்தில் அவ்வண்டி எமது மோரிசை வென்றுவிட்டது. புசல்லாவைக்கு மேலே வளைவுகளில் லொறிகளின் பின்னே நின்று நின்று ஏறும்போது, எமது வண்டியில் கைப்பிரேக்கை இழுத்து, கிளச்சை மெல்ல விடுத்து, பின்னோக்கி வழுக்குமோ என்று நெஞ்சு துடிக்கும். இதிலோ பிரேக்கிலிருந்து காலை எடுத்தாற் போதும். மட்டமான வீதியில் தானே ஊர்ந்து செல்லும். ஏற்றத்தில் வேகமிதியைச் சிறிது தொட, முன்னே நகரும். றம்பொடை அருவியடியில் வண்டியை நிறுத்தி, கொதிக்கும் ராடியேற்றருக்கு நீர் வார்ப்பது எமது குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். இம்முறை அதற்குத் தேவையே எழவில்லை. பிள்ளைகளுக்கு அதுவே ஒரு குறையாகப் போயிற்று.

இத்தகைய பொறி நேற்று வந்ததன்று. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றினால் மற்றையதும் சுழலக் காணலாம். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் நிகழ்வதும் அதுவே. ஜேர்மானியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்கென இம்முறையை வகுத்து 1905இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் தானே கியர் மாற்றும் பெட்டியை 1940ஆம் ஆண்டுக்குரிய கார்களில் பொருத்தி விற்றது. ஆகவே இவ்வித்தை எமது மோரிசுக்கும் மூத்தது.

மூன்றாம் நாட் பிற்பகல், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து இறங்கத் தொடங்கினோம். மூடுபனி வீதியில் இறங்கியிருந்தது. கியர்த் தண்டு, ஏறும்போது இருந்தவாறே 'டி' என்னும் எழுத்திலேயே நின்றது. இறக்கமாதலால் வேகமிதியிலிருந்து காலை எடுத்தோம். உடனே பொறி உயர்ந்த கியருக்கு மாறிவிட்டது. இயந்திரம் வண்டியைப் பிடித்து வைப்பது வெகுவாகக் குறைந்தது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தோம். விட்டதும் வண்டி மீண்டும் விரைந்தது.

லபுக்கலையைத் தாண்டியதும் மனைவியார், "இஞ்சருங்கோ, என்னவோ கருகிற மணம் வருது" என்றார்.

"தேயிலைத் தொழிற்சாலையிலை கொழுந்து வாட்டுற மணமாயிருக்கும்" என்று விடையளித்தோம். இவ்விடையை நினைக்குந்தோறும் இன்றும் வெட்கம் உண்டாகிறது.

அடுத்த வளைவில் மிதி, முன்னையிலும் ஆழமாகப் போயிற்று. வண்டியோ முன்போலக் கட்டுப்படவில்லை. எதிரே மரக்கறி லொறி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. ஒருபுறம் மண்சுவர், மறுபுறம் பனி நிறைந்த பள்ளம். பின்னிருக்கையில் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தனர். ஒரு காலால் மிதியை அமுக்கி, கைப்பிரேக்கையும் சிறிது சிறிதாக இழுத்து, வீதியோரத் தேநீர்க் கடையின் முன்னே ஒருவாறு வண்டியை நிறுத்தினோம். பாட்டு அப்போதுதான் நின்றது.

லொறியும் நின்றது. அதன் சாரதி, தலை நரைத்த மலையகத்தவர், மணத்தை முகர்ந்தே விடயத்தை அறிந்துகொண்டார். தண்ணீர்ப் போத்தலோடு சில்லை நோக்கி ஓடிய எமது மகனைத் தடுத்து, "தம்பி, தண்ணி ஊத்திராதீங்க, தட்டு வெடிச்சிரும். சும்மா ஆறட்டும்" என்றார். பின் எம்மை நோக்கி, "ஐயா, ஏறுறப்போ என்ன கியரோ இறங்குறப்போவும் அதே கியர்தாங்க. இதுல 'எல்'லுனு ஒண்ணு இருக்கு பாருங்க. நீங்க போடலேன்னா அது தானாப் போடாது" என்றார்.

இவ்விதியை எமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? எமது மோரிசில் இதே வீதியில் எத்தனையோ முறை இரண்டாம் கியரில் இறங்கியிருக்கிறோம். மலைச்சரிவைக் கண்டதும் இடக்கால் கிளச்சையும் இடக்கை கியர்த் தண்டையும் நாடிவிடும். சிந்திக்க இடமே இல்லை. இக்காரில் காலுக்கும் கைக்கும் ஓய்வு கொடுத்தபோது, அவை அறிந்திருந்த விதியும் அவற்றோடு ஓய்வுக்குப் போய்விட்டது. பொறியோ எதிரே வரும் வளைவைக் காணாது. மிதியில் விழும் அழுத்தத்தையும் சில்லின் வேகத்தையும் கொண்டே அது கியரைத் தீர்மானிக்கிறது.

தேநீர் அருந்தியபடி அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். உயர்தரத்தில் பௌதிகம் பயிலும் மகள் கடையின் காகிதமொன்றில் கணக்கிட்டாள். எம்மையும் சேர்த்து 1,500 கிலோகிராம் என்று கொண்டால், கம்பளைக்கு இறங்கும் ஏறக்குறைய 1,400 மீற்றரில் அவ்வண்டி இழக்கும் சக்தி இரண்டு கோடி யூலுக்குச் சற்று மேற்பட்டது. 60 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் பெரும்பகுதியை நான்கு பிரேக்குகளின் தலையிலேயே கட்டிவிட்டிருந்தோம். லொறிச் சாரதி அத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஏறிப் போனார். தேநீருக்கு நாம் பணம் கொடுக்க அவர் இடந்தரவில்லை.

பின்னர் 'எல்'லில் இறங்கினோம். இயந்திரம் உரத்து முழங்கியது. வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. வளைவுகளில் மட்டும் பிரேக்கைத் தொட்டோம். பனி விலகியபோது கொத்மலை நீர்த்தேக்கம் கீழே வெள்ளித் தகடுபோற் கிடந்தது. றம்பொடையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சென்று மனைவியார் நீண்ட நேரம் கைகூப்பி நின்றார். எதற்கென்று நாம் வினவவில்லை.

கண்டியில் காரைக் கையளிக்கும்போது நடந்ததை மறையாது சொல்லி, பிரேக்குகளையும் பிரேக் எண்ணெயையும் சோதிப்பிக்குமாறு வேண்டிச் செலவையும் கொடுத்தோம். "எல்லைப் பற்றிச் சொல்ல மறந்துபோனன், சித்தப்பா" என்று பெறாமகன் வருந்தினான். இடக்காலைப் பற்றி அவன் சொன்னதையே நாம் கேட்கவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

யாழ்ப்பாணம் திரும்பிய மறுநாட் காலை, சந்தைக்குச் செல்ல எமது மோரிசை வெளியே எடுத்தோம். படலையடியில் பிரேக்கை மட்டும் மிதித்து நிறுத்தியதும் வண்டி இருமுறை துள்ளி, ஓய்ந்தது. கிளச்சை மறந்துவிட்டோம். திண்ணையிலிருந்த மகன் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அப்பா, இடக்காலின்ரை லீவு முடிஞ்சுது" என்றான்.