நீர்வர்ணமும் நான்கு சுவர்களும்

சிறுபத்திரிகைகளுக்கும் ஓவியர்களுக்கும் இருந்த நெருக்கத்தைப் பற்றி நம்மில் யாராவது பெருமையாகப் பேசும்போது எனக்கு ஒன்று உறுத்தும். அந்த நெருக்கம் முழுக்கவும் கோட்டோடு கொண்ட நெருக்கம். 1970களின் இதழ்களைப் புரட்டியவர்களுக்கு ஆதிமூலத்தின் கோடுகள் தெரியும். கவிதைக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு உருவம், அதற்குக் கீழே வெள்ளை. நீர்வர்ணம் அங்கே எங்கும் இல்லை. இதற்குக் காரணம் அழகியல் அல்ல, பிளாக் செலவு. கோடு துத்தநாகத் தகட்டில் ஏறும், ஈய எழுத்தோடு சேர்ந்து அச்சாகும். ஈரத்தில் கரைந்து மங்கும் ஒரு சாயல் ஏறாது. அதற்குப் புள்ளிப் பிளாக் வேண்டும், வழவழப்பான தாள் வேண்டும். இரண்டுக்கும் நம்மிடம் காசு இல்லை. செலவுக் கணக்காக ஆரம்பித்தது நாளடைவில் ரசனையாகிவிட்டது. கோடு நவீனம், வர்ணம் காலண்டர் என்று நமக்குள் ஒரு தீர்ப்பு எழுதப்படாமலே நிலைத்துவிட்டது.

இன்னொரு தீர்ப்பும் உண்டு. நீர்வர்ணம் என்பது மாணவப் பருவத்துக் காரியம், பிறகு தாண்டிப்போக வேண்டியது என்பது. இதற்குச் சாட்சியாகப் பணிக்கரைக் காட்டுவார்கள். தொடக்க காலத்தில் அவர் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வர்ணத்தில் தீட்டினார், 1960களில் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த வரிசைக்கு வந்தார், 1966இல் சோழமண்டலம். கதை இப்படிச் சொல்லப்படும்போது நீர்வர்ணம் ஒரு படிக்கட்டாகிவிடுகிறது. ஏறியவன் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் செஸான் தன் கடைசி வருஷங்களில்தான் நீர்வர்ணத்தில் மிக அதிகமாக விட்டுவைக்கக் கற்றார். தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையே மலையாக நிற்கும். படிக்கட்டு உவமையில் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன். 22 வருஷங்களாகத் தினம் ஒரு தாள் தீட்டுகிறேன். முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். நான்காகக் கிழித்தால் 11க்கு 15. அதற்கு மேல் பெரிதாக நான் தீட்டுவதில்லை. காவிரிக் கரையிலோ அரசலாற்றுக் கரையிலோ ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஏழரைக்குள் எழுந்துவிடுவேன். அதற்குப் பிறகு வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே தட்டையாக அடித்துவிடுகிறது. தாளின் பின்பக்கம் தேதி போடுவேன். முக்கால்வாசி தேறாது. தேறாததன் முதுகில் மறுநாள் தீட்டுவேன்.

இதை சாதகம் என்று சொல்லத் தோன்றலாம். எனக்கு அந்தச் சொல்லில் சம்மதமில்லை. சாதகம் செய்பவனுக்கு எங்கோ ஒரு கச்சேரி காத்திருக்கிறது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் இது பயிற்சியே அல்ல. நேற்றையது இன்றைக்கு உதவுவதில்லை. சித்திரையில் முதல் வாஷ் இரண்டாவதுக்குத் தூரிகையை நனைப்பதற்குள் காய்ந்துவிடும், விளிம்பு கத்தியாக நிற்கும். கார்த்திகையில் அரைமணி நேரம் காத்திருந்தாலும் காயாது, ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். ஆக, ஒரே கை ஒரே தாளில் ஒரே ஆற்றை இரண்டு மாதங்களில் இரண்டு விதமாகத்தான் தீட்ட முடியும். எது என் நடை, எது ஈரப்பதம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

ஆங்கிலேயர்கள் இந்த ஊடகத்தைத் தங்கள் ஈரமான வெளிச்சத்துக்காக வளர்த்தெடுத்தார்கள். 1792இல் தெற்கே வந்த டேனியல்கள் நம் கோயில்களையும் மலைக்கோட்டைகளையும் வரைந்துகொண்டு போனார்கள். அவற்றிலிருந்து பிறந்த அச்சுப் படங்களைப் பார்க்கும்போது கட்டடம் நம்முடையதாக இருக்கிறது. ஆகாயம் அவர்களுடையதாக இருக்கிறது. சித்திரை மாதத்து நம் ஆகாயத்தில் நீலம் கிடையாது. அது வெள்ளை. நீர்வர்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒன்று பூசுவதில்லை, தாள்தான் வெள்ளை. ஆகவே இங்கே ஆகாயத்தைத் தீட்டுவது என்பது ஆகாயத்தைத் தொடாமல் இருப்பது. வற்றிய காவிரி மணலுக்கு நான் அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் கலக்கிறேன். அல்ட்ராமரைனின் துகள் கனமானது. தாளின் குழிகளில் போய்த் தங்கும். சாம்பல் காய்ந்ததும் மணல்மணலாகத் தெரியும். அதை நான் செய்யவில்லை, அதுவாக உட்கார்ந்துகொள்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊருக்கு வந்து சேரும் நாள் வரைக்கும் இந்தச் சாம்பல்தான் எனக்கு.

இவ்வளவும் தனியாள் விவகாரம். சிக்கல் சுவரில் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் 11 பேர் சேர்ந்து வாடகை கொடுத்து ஒரு கூடம் நடத்துகிறோம். மேற்கே பார்த்து மூன்று ஜன்னல்கள். மாதம் ஒருவரின் படங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓவியக் கல்லூரி மாணவர்கள், மீதி கீழே பாத்திரம் வாங்க வந்து படியைப் பார்த்தவர்கள். விற்பனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. விற்பதும் கோபுரமும் தேரும்தான். ஒரு விடுதிக்காரர் வந்து என்னுடைய ஆற்றைப் பார்த்துவிட்டு, இதே ஐந்தடிக்கு மூன்றடியில், தண்ணீர் இருக்கிற மாதிரி கிடைக்குமா என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, தனக்கு என்ன வேண்டும் என்று.

என் சண்டை எங்கள் 11 பேருக்குள்ளேயே. புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் ஜன்னல் திரைகளை எடுத்துவிட்டு, சுவர் முழுக்க விளக்குகள் போட்டு, படங்களை வருஷம் முழுவதும் நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டும் என்றார்கள். "மாஸ்டர், வர்றவங்க கண்ணுல படணும், இல்லேன்னா கூடம் எதுக்கு?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. நான் மாட்டேன் என்றேன். நீர்வர்ணத்தை வெளிச்சம் தின்றுவிடும். 1888இல் ரஸ்ஸலும் ஆப்னியும் வர்ணம் பூசிய தாள்களைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். காற்றும் ஈரமும் இருந்த குழாய்களில் பல வர்ணங்கள் வெளுத்தன. காற்றை அகற்றிய குழாய்களில் பெரும்பாலானவை தப்பின. காற்றும் ஈரமும் வெயிலும் மூன்றும் தாராளமாக உள்ள ஊர் எங்களுடையது. அலிஸரின் கிரிம்ஸன் போன்ற ஒரு சிவப்பு மேற்கு ஜன்னலுக்கு எதிரே எத்தனை வருஷம் நிற்கும்? அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட தாள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்கின்றன. வெளியே நேர் வெயில் ஒரு லட்சத்தைத் தொடும்.

எடின்பரோ கதையையும் சொன்னேன். ஹென்றி வான் என்பவர் டர்னரின் 38 நீர்வர்ணங்களைச் சேர்த்துவைத்து, அங்குள்ள தேசிய ஓவியக்கூடத்துக்குச் சேரும்படி எழுதிவைத்தார், 1900இல் அவை அங்கே போய்ச் சேர்ந்தன. ஒரே நிபந்தனை: வருஷத்தில் ஜனவரி மாதம் மட்டும் காட்ட வேண்டும். அந்த ஊரில் வெளிச்சம் மிகவும் மெலிந்த மாதம் அது. பதினொரு மாதம் இருட்டு, ஒரு மாதம் பார்வை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் படங்களின் வர்ணம் நிற்கிறது. பத்து நாள் காட்டுவோம், பிறகு பெட்டிக்குள் போகட்டும் என்றேன். திரைகள் தொங்கின. என் படங்கள் பத்து நாள் இருந்தன.

பத்தாவது நாள் கூடத்துக்குத் தண்ணீர்க் கேன் கொண்டுவரும் பையன் ஒரு படத்தின் முன் நின்றான். "சார், இது எங்க படித்துறைதானே? மூணாவது படி உடைஞ்சது அப்படியே இருக்கு." மறுநாள் தன் ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். சுவர் காலியாக இருந்தது. நான் பெட்டியைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்தார். மணலின் மேல் விரலை வைத்து, "சொரசொரன்னு இருக்கே தம்பி" என்றார். அல்ட்ராமரைனைப் பற்றி இவ்வளவு சரியாக எங்கள் கூடத்தில் வேறு யாரும் சொன்னதில்லை. பிறகு, "அந்தப் படியிலதான் எங்க வீட்டுக்காரரு உக்காந்து துணி தொவைப்பாரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து என் வாதம் எனக்கே முழுதாகப் போதவில்லை. குறைவாகப் பார்க்கப்படுவதில் ஒரு பெருமை இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். முந்நூறு பிரதிகள் அச்சிட்டு, அதில் நூறு கட்டுப் பிரிக்காமல் வீட்டுப் பரணில் கிடக்க, அதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொண்டவர்கள் நாம். டர்னரின் ஜனவரியை நான் உதாரணம் காட்டியபோது அதில் இந்தப் பழக்கமும் கலந்திருந்ததா? பாதுகாப்பு என்ற காரணம் உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உண்மையான காரணத்துக்குப் பின்னாலும் ஒருவன் வசதியாக ஒளிந்துகொள்ள முடியும். எடின்பரோவில் ஜனவரி முழுவதும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நிபந்தனையின் பாதி அது.

அதே சமயம் இளைஞர்களின் சுவரும் பதில் அல்ல. சுவரில் தொங்குவதற்காக நீர்வர்ணம் பிறக்கவில்லை. தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் கம்பெனிக்காரர்களுக்காகத் தாளிலும் அப்பிரகத்திலும் தீட்டியவை தொகுப்புகளாகக் கட்டிவைக்கப்பட்டவை. சரபோஜி எழுதச் செய்த செடிகொடி, பறவைப் படங்களும் ஏடு புரட்டுவதுபோலப் பார்க்க வேண்டியவை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் தாள் ஓவியங்களுக்கென்று ஒரு வாசிப்பறை இருக்கிறது. கேட்டால் பெட்டியை எடுத்துவந்து மேஜையில் வைப்பார்கள். தைலவர்ணத்துக்குத் தூரம் வேண்டும். நீர்வர்ணத்துக்கு ஒரு கை நீளம் போதும். அந்த ஒரு கை நீளத்தில்தான் அது முழுதாகத் தெரிகிறது. கண்ணாடியும் சட்டமும் போட்டு ஐந்தடி உயரத்தில் மாட்டினால் மணலின் சொரசொரப்பு போய்விடும், படித்துறை மட்டும் மிஞ்சும். விடுதிக்காரர் கேட்டது அதைத்தான்.

ஆகவே நான் கூட்டத்தில் வேறொன்றை வைத்திருக்கிறேன். சுவர் இருக்கட்டும், பத்து நாள் கணக்கும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், திரையைப் போட்டுவிட்டு, நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் பெட்டி. மேலே ஏறி வருகிறவர் யாராக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்க்கலாம். கைபடும், வேர்வை படும், சில தாள்கள் கெடும் என்கிறார்கள். கெடும்தான். 22 வருஷத்துத் தாள்களில் பெட்டியில் ராமபாணப் பூச்சி தின்றவையும் கொஞ்சம் அல்ல. அவற்றை ஒருவரும் பார்த்ததில்லை. இரண்டு அழிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாவது எனக்கு இருக்கிறது.

இன்னும் முடிவாகவில்லை. ஆறு பேர் சரி என்கிறார்கள், நான்கு பேர் யோசிக்கிறார்கள். மேஜைக்கு மட்டும் கீழே பாத்திரக் கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.