மீன் உங்களைப் பார்த்துடுச்சு பாஸ்!

குழம்பின குட்டையில மீன் பிடிக்கிறதுன்னு நம்ம ஊர்ல கிண்டலா சொல்வாங்களே... அது எவ்வளவு சுலபமான வேலைன்னு தெளிஞ்ச தண்ணியில தூண்டில் போட்ட பிறகுதான் எனக்குப் புரிஞ்சுது!

எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கு வந்த புதுசு. பக்கத்துலயே செயின்ட் கிளேர் ஏரி. ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குப் பேர்போன இடம். (பாஸ்னு சொன்னது மீனை... உங்களை இல்லை பாஸ்!) ஊர் ஏரியில மண்புழு கோத்து ஜிலேபி பிடிச்ச தைரியத்துல, லைசென்ஸ் வாங்கிட்டுக் கிளம்பிட்டேன். அங்கே 17 வயசு ஆயிட்டா லைசென்ஸ் கட்டாயம். மூணு வாரம் போனேன்... ஒரு செதில்கூடக் கிடைக்கலை!

காரணம், தண்ணி. கப்பல்கள் மூலமா வந்து சேர்ந்த ஸீப்ரா மஸல்ங்கிற குட்டிச் சிப்பியை 1988-ல் இந்த ஏரியில கண்டுபிடிச்சாங்க. ஒரு சிப்பி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் தண்ணியை வடிகட்டும். கோடிக்கணக்குல பெருகினா? ஏரி கண்ணாடி ஆயிடுச்சு! நீங்க மீனைப் பார்க்கிறதுக்குள்ள மீன் உங்களைப் பார்த்துடும்.

அடிபட்டுக் கத்துக்கிட்டது இதெல்லாம்...

* தண்ணி விளிம்புல நிக்காதீங்க. நாலடி தள்ளி நின்னு, தூரமா வீசுங்க. உங்க நிழல் தண்ணியில விழக் கூடாது. பளிச் கலர் சட்டைக்கும் தடா!

* நரம்பு மெல்லிசா இருக்கணும். ஃப்ளூரோகார்பன்ல 6 முதல் 8 பவுண்டு போதும். ஒளியை ஏறக்குறைய தண்ணி மாதிரியே வளைக்கிறதால, நைலானைவிடக் கம்மியாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

* ரப்பர் இரை பழுப்பு, ஆலிவ் பச்சைன்னு அடக்கமா இருக்கட்டும். அங்கே பாஸ் தினமும் தின்கிற கோபி மீனோட நிறம் அதுதான்.

* உச்சி வெயில் வேண்டாம். விடிகாலை, மேகமூட்டம், காத்துல தண்ணி சிலுசிலுக்கிற நேரம்... இதுதான் நமக்கு நேரம்.

* போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுங்க. மேல்பரப்பு பளபளப்பு போய், அடித்தரை தெரியும்.

அந்தக் கண்ணாடிதான் என் முதல் பாஸைக் காட்டுச்சு. மே மாசம். கரையோர சரளைக் கல்லுல வட்டமா ஒரு பள்ளம். அதுமேல அசையாம ஒரு மீன். ரெண்டாவது வீச்சுலயே கவ்விடுச்சு! ஒன்றரை கிலோ இருக்கும். ரூம்மேட் போட்டோ எடுக்க, நான் விதவிதமா போஸ் கொடுத்துட்டிருந்தேன்.

பக்கத்துல இருந்த பெரியவர் எதுவும் பேசலை. தண்ணியைக் கைகாட்டினார்.

அந்தப் பள்ளத்துல கோபி மீன்கள் மொய்ச்சு, முட்டைகளைத் தின்னுட்டிருந்துச்சு. பாஸ் இனத்துல முட்டைக்குக் காவல் இருக்கிறது அப்பாதான். அந்த அப்பா என் கையில இருந்தார். அவர் பசிக்காகக் கவ்வலை... கூட்டுக்கிட்ட வந்த எதிரின்னு நினைச்சுக் கவ்வியிருக்கார்.

உடனே விட்டேன். நேரா கூட்டுக்குத்தான் போச்சு. எவ்வளவு முட்டை மிச்சம் இருந்துச்சோ! அந்த போட்டோவை இன்னிக்கு வரைக்கும் நான் யாருக்கும் காட்டலை.

அதனால கடைசி டிப்ஸ் இதுதான். தெளிஞ்ச தண்ணியில கூடு தெரிஞ்சா, தூண்டிலைச் சுருட்டிட்டு வேற பக்கம் நகர்ந்துடுங்க பாஸ்!